அரைப்பேர்

மாசிலாமணிக்கு வயது எழுபத்தொன்று. மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம்தான். ஆனால் கதை பாதி போவதற்குள் நீங்களே 'அவன்' என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். நடுவில் மாற்றுவது சிரமம் என்பதால் முதலிலிருந்தே அவன் என்று வைத்துக்கொள்வோம்.

மாத்தளைக்குப் பக்கத்தில் பலாபத்வலையில், பெரிய வீதியை ஒட்டி, வெள்ளைக்காரர்களுக்கு ஏலமும் கறுவாவும் மிளகுக்கொடியும் காட்டும் தோட்டமொன்றில் அவன் காவல்காரன். அதற்கு முன் முப்பத்தாறு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் முள்ளுக் குத்தி மண் கிளறியும் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் முதுகு வளைந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. கணக்கை விரலில் செய்வான். எழுத்தை மனைவி சுசீலாவிடம் கொடுத்துவிடுவான். உலகத்தைப் பற்றி அவன் தெரிந்துவைத்திருந்தது ஒன்றுதான்: கையில் பேர் எழுதும் கொப்பி வைத்திருக்கிறவனை நம்பக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கற்பாறை ஊற்று சபை. தகரக் கூரை, நாற்பத்திரண்டு பேர், அதில் இரண்டு கைக்குழந்தை. கதவைத் திறப்பது, வௌவால் எச்சத்தைக் கூட்டுவது, பிளாஸ்டிக் கதிரை போடுவது, ஆராதனை முடிந்ததும் பின்பக்க அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்டு எல்லாருக்கும் பிளேன் டீ ஊற்றுவது, இவ்வளவும் மாசிலாமணியும் சுசீலாவும் பார்த்துக்கொண்டார்கள். இந்த வேலைக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. அதனால் பதினேழு வருஷமாக ஒழுங்காக நடந்துவந்தது.

அப்போதுதான் போதகர் பிருந்தாபன் கொழும்புக்குப் போய் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மனுஷன், முப்பத்துநாலு வயது. திரும்பி வரும்போது கையில் ஒரு கோப்பு, நாலு நிறத்துப் பேனை, கழுத்தில் பெயர் அட்டை. அட்டையைக் கழற்ற மறந்துவிட்டாரோ மனம் வரவில்லையோ, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் அதோடுதான் ஏறினார்.

"அன்பானவர்களே, மோசே காலமை தொடங்கிப் பின்னேரம் மட்டும் தனிய இருந்து சனத்தின்ர வழக்கு முழுக்கக் கேட்டவர். களைச்சுப் போனார். அப்ப மாமனார் வந்து பார்த்துப்போட்டு, மருமோனே, இது சரிவராது, ஆக்களைப் பிரிச்சுக் குடும் எண்டு புத்தி சொன்னவர்."

"மாமனார் வந்து எறங்குனா எந்த வீட்டுலயும் இதே கததான்" என்று மாசிலாமணி முணுமுணுத்தான்.

"எங்கப்பா உங்களுக்கு என்னத்தப் பிரிச்சாரு?" என்றாள் சுசீலா, முன்னால் பார்த்தபடியே.

போதகர் சுவரில் ஒரு படம் ஒட்டினார். ஆயிரம் பேருக்கு ஓர் அதிபதி, நூறு பேருக்கு ஓர் அதிபதி, ஐம்பதுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர். "சபையில இனி அங்கத்தவர் எண்டு ஒருத்தரும் இல்லை. எல்லாரும் அணி. ஆயிரத்துக்கும் நூறுக்கும் நான் இருக்கிறன். பெருமைக்கில்லை, இடம் வெறுமையாக் கிடக்கக் கூடாது எண்டதுக்காக. ஐம்பதுக்கு சிவதர்ஷினி." சிவதர்ஷினி அவருடைய மனைவி. அவள் தலைகுனிந்து அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டாள்.

பத்துக்கு நாலு பேர் வேண்டும். முதலாவது எபநேசர், தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாசிலாமணி வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் இருபது வருஷம் கொப்பியில் பேர் போட்டவர். பிறகு ஒரு தையற்காரர், ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. நாலாவது மாசிலாமணி.

"என்னையாங்க? எனக்குக் கையெழுத்தே ஒழுங்கா வராதுங்களே."

"அதுதான் ஐயா. கொழும்புக்கு அனுப்புற படிவத்தில ஒரு கட்டம் இருக்கு. எளியவரிலயிருந்து எழுப்பப்பட்ட தலைவர். கட்டாயம் ஒராள் வேணும், படத்தோட." போதகர் கைப்பேசியை எடுத்தார். "கொஞ்சம் எளிமையா நில்லுங்கோ."

மாசிலாமணி எளிமையாக நின்றான். பிறகு வீடு போகும் வழியெல்லாம் விரல் மடக்கினான். நாற்பத்திரண்டில் அதிபதிகள் ஆறு போனால் முப்பத்தாறு. அதை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்பது. மூன்று தரம் மடக்கிப் பார்த்தும் ஒன்பதுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு இதைப் போய்ச் சொன்னான். போதகர் கண்ணை மூடித் திறந்தார். "ஐயா, அந்தப் பத்தாவது இடம் விசுவாசத்தின்ர இடம். ஆறு கிழமையில கொழும்பிலயிருந்து மேற்பார்வையாளர் செல்வரத்தினம் ஐயா வாறார். பத்து நிறைஞ்ச அதிபதிக்கு மேடையில சால்வை. நிறையாட்டி அணியைக் கலைச்சு மற்றவையோட சேர்க்கிறது."

ஒருவனுக்குப் பத்து நிறைய வேண்டுமென்றால் இன்னொருவனுடைய ஒன்பதில் கை வைக்க வேண்டும். தோட்டத்தில் இதற்கு ஆள்பிடித்தல் என்று பெயர். சபையில் அணி வளர்ச்சி என்று பெயர்.

"அப்ப கங்காணி வேல கெடச்சிருச்சின்னு சொல்லுங்க" என்றாள் சுசீலா.

"கங்காணி இல்ல. அதிபதி."

"பத்துப் பேர நிக்க வச்சிப் பேர் கூப்பிட்டா அது கங்காணிதான். எந்த பாஷையில சொன்னா என்ன?"

தன் பாட்டனைக் கங்காணி காதைத் திருகி இழுத்துப்போன கதையை மாசிலாமணி சுசீலாவுக்கே நூறு தரம் சொல்லியிருக்கிறான். இந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிடத்தான் இருந்தான். ஆனால் சால்வை என்ன நிறமாக இருக்கும் என்று ஒரு யோசனை இடையில் வந்துவிட்டது.

மறுநாள் அப்துல் ஸமத்தின் கடைக்குப் போய்க் கொப்பி கேட்டான்.

"என்ன மாசிலாமணி அண்ணே, அதிபர் ஆகிட்டீங்களாமே? எந்த ஸ்கூலுக்கு?"

"அதிபர் இல்ல மொதலாளி. அதிபதி."

"யா அல்லாஹ். ஜனாதிபதிக்கு அடுத்ததா?"

"அதுக்குக் கொஞ்சம் கீழ" என்றான் மாசிலாமணி. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்து அப்துல் ஸமத் தடித்த மட்டை போட்ட கொப்பியாக எடுத்துக் கொடுத்தார்.

கொப்பியைக் கக்கத்தில் வைத்ததும் நடை மாறியது. இதை அவன் வேண்டுமென்று செய்யவில்லை. முப்பத்தாறு வருஷம் குனிந்திருந்த முதுகு, வைத்தியர் எத்தனை களிம்பு எழுதிக் கொடுத்தும் நிமிராத முதுகு, ஒரு கொப்பிக்கு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து சுசீலாவைப் பெயர்களை எழுதச் சொன்னான். ஒன்பது பெயர். அவள் பெயரும் அதில் ஒன்று. பத்தாவது கோடு காலி.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஜெபம் என்று அறிவித்தான். தோட்டத்தில் விடியக்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பிரட்டு என்பார்கள். மாசிலாமணிக்குத் தெரிந்த ஒரே தலைமைத்துவம் அதுதான். ஆகவே சபை முற்றத்தில் பிரட்டு வைத்தான். கொழுந்து பறிக்க ஆளுக்கொரு நெர, அதாவது செடி வரிசை, கொடுப்பதுபோல ஜெபத்தையும் பிரித்தான்.

"வரிசையா நில்லுங்க. இவன் நோயாளிங்க நெர. நீ வெளிநாடு போனவங்க நெர. நீங்க ரெண்டு பேரும் பாஸ்டர் குடும்பம், அது சின்ன நெர, சீக்கிரம் முடிஞ்சிரும். முடிச்சிட்டு மத்தவங்களுக்குக் கை குடுங்க. நெரயில ஆள் விட்டுப் போகக் கூடாது, நான் பின்னால வந்து பாப்பேன்."

அவர்கள் கண்ணை மூடி நெர பிடித்தார்கள். அவன் உண்மையிலேயே பின்னால் போய்ப் பார்த்தான். வெளிநாட்டு நெரயில் ஒரு கிழவர் கட்டார் நாட்டை விட்டுவிட்டார். திரும்பப் போய் எடுக்கச் சொன்னான்.

நிரஞ்சனி ஓடி வந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பிள்ளை. கால் மணி நேரம் பிந்தி.

"அரைப்பேர்" என்றான் மாசிலாமணி, கொப்பியைத் திறந்து.

மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்தன. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பிந்தி வந்தால், கொழுந்து குறைந்தால், கணக்கப்பிள்ளைக்கு முகம் பிடிக்காவிட்டால் அரைப்பேர். மாடாக உழைத்தாலும் பாதிச் சம்பளம். அந்தச் சொல் தெரியாதவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

"தாத்தா, கார்மெண்ட்லயும் பாதி நாள் வெட்டுறாங்க. ஆண்டவர்கிட்ட வந்தாலும் வெட்டா?"

"பேச்சிப் பேசாம நெரயில ஏறு."

கடைசியாக வந்தவள் சுசீலா. அதிபதிக்குச் சுடுதண்ணீர் வைத்து, அதிபதியின் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அதிபதி குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வர ஆறு ஐம்பதாகிவிட்டது. எல்லாரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். பெண்டாட்டி என்று விட்டுவிட்டால் கொப்பிக்கு என்ன மரியாதை? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவளே எழுதிய அவள் பெயருக்குப் பக்கத்தில், அரை போட்டான். சுசீலா கொப்பியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் நெரயில் நின்றாள்.

விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போதகர் இறங்கி வந்தார். அவர் முகம் பூரித்திருந்தது. "ஐயா, இதுதான் பொறுப்புக்கூறல்! அதென்ன சொன்னனீங்கள், அரைப்பேரோ?"

"பிந்தி வந்தா பாதிதாங்க."

"பாதி மனுசர்!" என்று போதகர் பச்சைப் பேனையால் எழுதிக்கொண்டார்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முழுக்க அரைப்பேர்தான். "அன்பானவர்களே, நாங்கள் எல்லாரும் அரைப்பேர்! எங்கட பாட்டன்மாரும் அரைப்பேர்! சொல்லுங்கோ, நான் ஒரு அரைப்பேர்!" தோட்டத்துச் சனம் மெல்லிய குரலில் சொன்னது. பின்வரிசையில் இரண்டு கிழவிகள் அழுதார்கள். போதகர் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவு என்று எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு ஞாபகம் வந்தது சம்பள நாள். பயிற்சியில் கொடுத்த கோட்பாடுகள் ஆறுதான்; கொழும்புக்குப் போன அறிக்கையில் 'மாத்தளையில் கண்டெடுக்கப்பட்ட ஏழாவது கோட்பாடு' என்று அது ஏறிவிட்டது. அடுத்த வாரம் மற்ற மூன்று அதிபதிகளும் அப்துல் ஸமத்தின் கடையில் கொப்பி வாங்கினார்கள்.

அடுத்த வாரம் இன்னொன்றும் நடந்தது. சுசீலா போய் எபநேசரின் வரிசையில் உட்கார்ந்தாள்.

"ஆள் தானா வந்துச்சி, மாசிலாமணி. நான் பிடிக்கல்ல" என்றார் எபநேசர். அவர் கொப்பியில் பத்துக் கோடும் நிறைந்திருந்தது.

"பாட்டியே போயிட்டாங்க, எனக்கென்ன தாத்தா" என்று நிரஞ்சனி தையற்காரரிடம் போனாள். கட்டாரை விட்டுவிட்ட கிழவர் ஆசிரியையிடம் போனார். இப்போது மூன்று பேருக்கும் பத்துப் பத்து, மாசிலாமணிக்கு ஆறு. கணக்கு ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது.

வீட்டில் சுசீலா சண்டை பிடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததற்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். நாற்பத்தாறு வருஷமாக அவனுடைய காதில் விழுந்துகொண்டிருந்தது எல்லாம் அந்தக் கேட்காத பேச்சுத்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சபையிலும் டீ நின்றுபோனது. ஆராதனை முடிந்ததும் அவரவர் அதிபதி அவரவர் ஆளை வரிசையை விட்டு அசைய விடவில்லை.

அவள் வந்தால் மற்ற இருவரும் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, மாசிலாமணி போய்ப் போதகரிடம் முறையிட்டான்.

"ஐயா, என்னட்ட நேர வரக் கூடாது. அதுக்குத்தானே ஐம்பதை வச்சிருக்கு" என்று அவர் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். பக்கத்துக் கதிரையில் சிவதர்ஷினி இருந்தாள். மாசிலாமணி அரையடி நகர்ந்து நின்று முதலிலிருந்து சொன்னான்.

"இன்னொரு பத்தில இருக்கிற ஆளை நீங்கள் நேர கேக்கேலாது ஐயா, வீட்டு ஆளெண்டாலும்" என்றாள் சிவதர்ஷினி. "அணி மாற்ற விண்ணப்பம் நிரப்பித் தாங்கோ. காரணம் எழுத மூண்டு கோடு இருக்கு. மூண்டும் நிரம்ப வேணும்."

படிவத்தை வாங்கிக்கொண்டு பாதி வழி வந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவனுடைய எழுத்து வேலையெல்லாம் செய்கிற ஆள் ஒருத்திதான்.

பின்னேரம் சுசீலா மேசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "விண்ணப்பதாரி பேர் போட்டாச்சி. கோரப்படும் ஆள், சுசீலாதேவி. போட்டாச்சி. காரணம் என்னன்னு எழுத?"

"பத்து நெறையணும்னு எழுது."

எழுதினாள். "இன்னும் ரெண்டு கோடு இருக்கு."

"டீ நின்னு போச்சின்னு எழுது."

"அதுக்கு அடுப்புப் பத்த வச்சாப் போதும். ஆள் மாத்தத் தேவையில்ல."

மாசிலாமணி கூரையைப் பார்த்தான். "அன்னைக்கு நான் அரைப்பேர் போட்டது சரியில்லன்னு எழுது."

பேனை நின்றது. "அத எழுத மாட்டேன்."

"ஏன்?"

"அத நீங்க பாஸ்டரம்மாகிட்ட குடுத்து, அவங்க பாஸ்டர்கிட்ட குடுத்து, அவரு கொழும்புக்கு அனுப்பி, அங்கேர்ந்து எனக்கு வரணுமா? நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

தப்பு என்று ஒரு வாய்ச்சொல்தான். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதிபதி தன் ஆளிடம் அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. "வேற ஏதாவது நீயே எழுது" என்றான். அவள் கொஞ்ச நேரம் எழுதினாள். என்ன என்று அவன் கேட்கவில்லை. கீழே கையெழுத்து மாதிரி ஒன்றைப் போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஆறாவது ஞாயிறு மேற்பார்வையாளர் செல்வரத்தினம் வந்தார். அவருக்காக மேடையில் மெத்தை போட்ட கதிரை, அதற்கு மின்விசிறி, மின்விசிறிக்கு ஓர் ஆள்.

"தலைவன் எண்டால் ஊழியக்காரன்" என்று தொடங்கினார். "நான் ஊழியக்காரன். அதனாலதான் என்னை விமானத்தில அனுப்புகினம். பதினொரு நாட்டில இருநூறு தலைவர்களை உருவாக்கியிருக்கிறன். அவையெல்லாம் இப்ப எங்க எண்டு கேக்கிறீங்களோ? அவை வேற தலைவர்களை உருவாக்குகினம். அதுதான் வளர்ச்சி. போன மாசம் ஒரு சபையில எல்லாருமே தலைவராயிட்டினம். கதவு திறக்க ஆளில்லை. வெளியில நிண்டே துதிச்சம். என்ன ஒரு அனுபவம்!"

போதகர் குறித்துக்கொண்டார்.

பத்துப் பத்தாக வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எபநேசருக்குப் பின்னால் பத்து, அதில் நாலாவது சுசீலா. தையற்காரருக்குப் பத்து. ஆசிரியைக்குப் பத்து. மூன்று பேரும் மேடை ஏறிச் சால்வை போட்டுக்கொண்டார்கள். ஊதா நிறம். மாசிலாமணிக்குப் பின்னால் ஆறு பேர். அதில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை. மற்றது அழுதது.

"இவரின்ர அணி கலைக்கப்படுது" என்றார் மேற்பார்வையாளர், கருணையோடு. "ஆனால் தோல்வியும் ஒரு பாடம். இந்தச் சபையில படிவம் எவ்வளவு ஒழுங்கா நிரப்பியிருக்கினம் எண்டதுக்கு இவரின்ர விண்ணப்பமே சாட்சி. மூண்டு கோடும் நிறைஞ்சிருக்கு. வாசிக்கிறன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "காரணம். பத்து நிறைய வேண்டும். கொப்பி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரரைக் காணவில்லை. கண்டுபிடித்துத் தந்தால் நான் வருகிறேன்."

தகரத்தில் காகம் ஒன்று நடப்பது கேட்டது.

"காணாமற்போன ஆத்துமாவைப் பற்றி எவ்வளவு பாரம்!" என்றார் மேற்பார்வையாளர். "ஐயா, மேடைக்கு வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ."

மாசிலாமணி ஏறினான். ஒலிவாங்கி ஒருமுறை கத்தி ஓய்ந்தது. "எனக்குப் பேச வராதுங்க" என்றான். "எங்க பாட்டன் காதத் திருகுன கங்காணிய எழுபது வருஷமா ஏசுனேன். ஆறு கெழம நானும் அந்த வேல பாத்தேன்." ஒலிவாங்கியை இன்னும் கிட்டே இழுத்தான். "நல்லாத்தான் இருந்துச்சிங்க. அதான் பயமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். எபநேசர் தன் சால்வையின் குஞ்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேற்பார்வையாளர் எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "உடைஞ்ச உள்ளம்! இப்பிடி ஒரு ஆளைத்தான் நான் பதினொரு நாட்டில தேடினன். இவருக்குப் பத்துக் காணாது. சிவதர்ஷினியை நூறுக்கு உயர்த்துங்கோ. இண்டையிலிருந்து இவர் ஐம்பதுக்கு அதிபதி! எல்லாப் பத்தும் இவருக்குக் கீழ. விண்ணப்பமும் தேவையில்லை, மனுசியும் இவருக்குக் கீழதான்."

கைதட்டினார்கள். ஊதாச் சால்வை தோளில் விழுந்தது. வேண்டாமென்று சொல்லத்தான் மாசிலாமணி வாயைத் திறந்தான். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் ஒலிவாங்கியில் கேட்ட அவனுடைய குரல் இப்படி இருந்தது:

"அம்பதுன்னா, பாஸ்டரும் அதுல வருவாருங்களா?"

சுசீலா வரிசையை விட்டு விலகினாள். பக்கக் கதவால் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு மூடியது.

மேற்பார்வையாளர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது நீளமான பதில். மாசிலாமணி அதைக் கேட்க நிற்கவில்லை. படி இறங்கும்போது ஒரு கால் தடுக்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனான்.

சுசீலா குந்தியிருந்து ஈர விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேத்தலில் தண்ணீர் இருந்தது. அவன் நின்றான். சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் கழற்றி, கேத்தலைப் பிடிக்கிற துணிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சுசீலா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு."

அவள் நிமிரவில்லை. "எந்த அன்னைக்கு?"

"எல்லா அன்னைக்கும்."

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவனும் குந்தினான். முழங்கால் இரண்டிலும் நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. விறகு புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை.

போதகர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "ஐயா! என்ன இது, உங்கட ஐம்பது பேரும் உள்ளுக்குக் காத்துக்கொண்டு நிக்கினம்!"

"வரச் சொல்லுங்க பாஸ்டர்" என்றான் மாசிலாமணி. "ஆளுக்கொரு கோப்பைய எடுத்துக்கிட்டு வரிசையா வரச் சொல்லுங்க. நிரஞ்சனிய இஞ்சி தட்டச் சொல்லுங்க. அந்தக் கொழும்பு ஐயாவையும்..."

"ஏவுறதப் பாரு இன்னமும்" என்றாள் சுசீலா.

மாசிலாமணி வாயை மூடிக்கொண்டான். பிறகு அடுப்பை ஊதுவதற்கு மட்டும் திறந்தான்.